துக்க விடுமுறை

மங்கையர்க்கரசி அம்மையார் தமது எழுபத்தோராம் வயதில் மறைந்தார். தாம் படித்த பள்ளியிலேயே முப்பத்தாறு ஆண்டுகள் பணிபுரிந்தவர். அவற்றில் கடைசிப் பத்தொன்பது ஆண்டுகள் தலைமையாசிரியை. ஊர் அவரைப் பெரிய டீச்சர் என்றே அழைத்தது. மதிய உணவில் ஒரு கவளம் தாம் உண்டு பார்த்த பிறகே பிள்ளைகளுக்குப் பரிமாற விடுவார். ஒரு பெண் இரண்டு நாள் தொடர்ந்து வராவிட்டால் மூன்றாம் நாள் அவள் வீட்டு வாசலில் போய் நிற்பார். அப்படி அவர் மீட்டு வந்த பெண்களில் ஒருத்தி கோமதி. இன்று அதே பள்ளிக்கு அவளே தலைமையாசிரியை. அவளுக்கும் ஐம்பது வயது கடந்துவிட்டது.

அன்று பிற்பகல் கோமதி ஆட்டோவில் ஆவுடையப்பரின் வீட்டுக்கு வந்தாள். அவருக்கு வயது தொண்ணூற்று மூன்று. மங்கையர்க்கரசிக்குப் பாடம் சொன்னவர். மனம் கலங்கும்போதெல்லாம் கோமதி வந்து அமர்வது அவர் முன்னால்தான்.

நான்கு மணிக்கு எடுக்கிறார்கள் என்றாள். அவர் வெள்ளைச் சட்டை அணிந்து புறப்படத் தயாராக இருந்தார். அவளோ நாற்காலியை விட்டு எழவில்லை.

"என்ன யோசனை?"

"மனம் ஆறவில்லை, சார்."

காலையில் நடந்ததைச் சொன்னாள். இறைவணக்கக் கூட்டத்தில் அம்மையாரின் வாழ்க்கையை எடுத்துரைத்திருக்கிறாள். இருமுறை குரல் உடைந்திருக்கிறது. ஒரு நிமிடம் அனைவரும் மௌனமாக நின்றார்கள். அதன் பிறகு, பெரிய டீச்சருக்கு மரியாதையாக இன்று பள்ளிக்கு விடுமுறை என்று அறிவித்தாள். வாக்கியம் முடியுமுன் ஆறாம் வகுப்பு வரிசையிலிருந்து 'ஹே' என்று ஒரு கூச்சல் எழுந்தது. ஒருவன் பையை வானத்துக்கு எறிந்து பிடித்தான்.

"எத்தனை பேர்?"

"பதினொரு பேர். மற்றவர்களை அனுப்பிவிட்டு அவர்களை மட்டும் வகுப்பில் உட்கார வைத்திருக்கிறேன். மூன்றரை மணிக்கு அழைத்துப் போய் அவர் காலில் விழவைப்பேன்."

"சாப்பிட்டார்களா?"

"கொடுத்தேன். இரண்டு பேர் தொடவில்லை."

"அவர்களுக்கு மங்கையைத் தெரியுமா?"

"அலுவலகச் சுவரில் படம் இருக்கிறது, சார்."

"படத்துக்காக அழாதது குற்றம். உன் பள்ளியில் அழுகைக்கும் மதிப்பெண் உண்டா, கோமதி?"

"கேலி செய்யாதீர்கள், சார். அவருக்கென்று ஒரு பிள்ளை இல்லை. இந்தப் பிள்ளைகளே போதும் என்று இருந்துவிட்டார். அவர் இறந்த செய்தியைக் கேட்டு அதே மைதானத்தில் ஆனந்தக் கூச்சல் என்றால், அந்த முப்பத்தாறு ஆண்டுகளுக்கு என்ன பொருள்?"

ஆவுடையப்பர் தம் வலது கையை மடிமேல் வைத்துக்கொண்டு அதையே சற்று நேரம் பார்த்தார்.

"என் மனைவி முதல் வகுப்பு ஆசிரியை," என்றார். "விஷக்காய்ச்சலில் போனாள். அப்போது நாங்கள் குடியிருந்த வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே ஒரு சுவர்தான். அவளைக் கூடத்தில் கிடத்தியிருந்தோம். சுவருக்கு அப்பால் விடுமுறை அறிவித்தார்கள். நீ இன்று கேட்ட அதே சத்தத்தை நானும் கேட்டேன்."

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவர் வகுப்புக்குத் திரும்பினார். அன்று கத்தியவர்கள் எழுந்திருங்கள் என்றார். நாற்பது பேர் இருந்த வகுப்பில் ஒரு சிறுமி எழுந்து நின்றாள்.

"கத்தாதவர்கள் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். ஒப்புக்கொண்டவள் அவள் ஒருத்தி. அவள் உள்ளங்கையில் பிரம்பால் ஆறு அடி கொடுத்தேன்."

"யார், சார்?"

"மங்கை."

கோமதி அவர் கையைப் பார்த்தாள்.

பிற்பாடு மங்கையின் தாய் கடைத்தெருவில் அவரிடம் சொன்னாளாம். விடுமுறை விட்ட அன்று பெண் மத்தியானம் வரை பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். பொழுது சாயும்போது வந்து, டீச்சர் நாளைக்கும் வரமாட்டார்களா என்று கேட்டாள். அதன் பிறகு மூன்று நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"நீ அவளிடம் ஆசிரியையாக வேலை பார்த்தவள்," என்றார் ஆவுடையப்பர். "துக்க விடுமுறை என்றால் அவள் என்ன செய்வாள்?"

கோமதியின் குரல் தாழ்ந்தது. "பிள்ளைகளை முதலில் அனுப்பிவிடுவார். இன்று விடுமுறை, பார்த்துப் போங்கள் என்பார். காரணம் சொல்லமாட்டார். அவர்கள் கத்திக்கொண்டு ஓடுவார்கள். மைதானம் காலியான பிறகு நாங்கள் மட்டும் நின்று மௌனம் காப்போம். அது முறையில்லை என்று எனக்குத் தோன்றும். அவருக்காவது முறையாகச் செய்ய வேண்டும் என்றுதான் இன்று..."

"நானும் ஒருமுறை கேட்டேன். 'துக்கம் நம்முடையது, சார். அவர்களுக்கு விடுமுறை' என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். இந்தக் கையைப் பார்க்கவில்லை."



"அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு அறுபது ஆண்டுகள் இருந்தன. நாளை, நாளை என்றிருந்துவிட்டேன்."

கோமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவர் எழுந்து நிற்கக் கை கொடுத்தாள். மெல்ல நடத்தி வந்து ஆட்டோவில் அமர்த்தினாள். பெரிய டீச்சர் வீட்டுக்குப் போகலாம் என்று ஓட்டுநரிடம் சொன்னாள்.

"இல்லை. முதலில் பள்ளிக்கூடம்," என்றார் ஆவுடையப்பர்.

"பள்ளி ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறது, சார். பேசிக்கொண்டிருந்ததில் மூன்றரை தாண்டிவிட்டது. போய்த் திரும்புவதற்குள் எடுத்துவிடுவார்கள். உங்களால் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் போய்விடும்."

"கடைசிப் பிள்ளை வாசலைத் தாண்டும் வரை மங்கை ஒருநாளும் கிளம்பியதில்லை, கோமதி. பதினொரு பேர் இன்னும் உள்ளே இருக்கிறார்கள்."