முதுகில் பட்ட அம்பு

சண்டை முடிந்து, காயம்பட்டவர்களுக்கு நிலம் கொடுக்கும் நாள். ராஜா பார்த்திருக்க, படைத்தலைவரான தளவாய் ஒவ்வொரு காயமாகச் சோதித்தார். மார்பில் இருந்தால் நிலம். முதுகில் இருந்தால் ஓடிவந்தவன் என்று மொட்டையடித்துக் கழுதைமேல் ஏற்றிவிடுவார்கள்.

வரிசையில் சடையனும் நின்றான். அவன் காயம் முதுகில்தான். இடது கை இனி எதையும் தூக்காது.

அவன் துண்டை விலக்கியதும் தளவாய் சிரித்தார். "ஓடுகாலிப் பயல்! கழுதையைக் கொண்டாங்கடா!"

சடையன் குனிந்து கும்பிட்டான். "ஓடினது நிசம்தான் சாமி. ஆனா நான் பல்லக்குத் தூக்குறவன். 'திருப்பு'ன்னு உள்ளேயிருந்து சத்தம் வந்துச்சு, திருப்பினோம். 'ஓடு'ன்னு வந்துச்சு, ஓடினோம். அப்பத்தான் அம்பு பட்டுச்சு."

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். "உள்ளே இருந்தது யார்?"

"திரை போட்டிருந்துச்சு மகராசா, முகம் தெரியலை." சடையன் குனிந்த தலை நிமிரவில்லை. "குரல் மட்டும், இப்போ கழுதையைக் கேட்டுச்சே, அந்தக் குரல் மாதிரியே இருந்துச்சு."

ராஜா தளவாய் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

சடையனுக்கு நிலம் கொடுக்கச் சொன்னார் ராஜா. அதற்குள் கழுதை வாசலில் வந்து நின்றது. அதைத் திருப்பி அனுப்ப அவர் சொல்லவில்லை.