உள்ளே ஒருத்தர்

"டீச்சர், இந்த சர்வருக்குக் கதவே கிடையாதா?" என்று கேட்டார் சாலமோன்.

அவருக்கு நாற்பத்தொன்பது வயது. இருபது வருஷம் கனடாவில் இருந்துவிட்டுப் பாளையங்கோட்டைக்குத் திரும்பியவர். கணினி சர்வரைப் பராமரிக்கும் வேலை பழக இசக்கியிடம் சேர்ந்து நான்கு மாதம். இசக்கிக்கு முப்பத்திரண்டு. டீச்சர் என்று அவர் கூப்பிடுவதை முதலில் கிண்டல் என்றுதான் நினைத்தாள். கிண்டல் இல்லை.

பார்வையற்ற பிள்ளைகளுக்குக் கேள்வித்தாளை வாசித்துச் சொல்லும் மென்பொருள் அவர்களுடையது. குழுவில் பதினோரு பேர் எழுதும் நிரல்களெல்லாம் ஒரே சர்வரில் வந்து சேரும். யார், எந்த வரியை, என்றைக்கு மாற்றினார் என்று அது மறக்காமல் வைத்திருக்கும்.

"கதவு இருக்கே அண்ணாச்சி. பாஸ்வேர்டு."

"பதினோரு பேருக்கும் ஒரே பாஸ்வேர்டு. விடிஞ்சதுல இருந்து எவனோ நாலாயிரம் தடவை தட்டிப் பாத்திருக்கான். ஒருநாள் திறந்துக்கும்."

"திறந்துக்கும்தான்."

"ஆளுக்கொரு சாவி கொடுத்துட்டு பாஸ்வேர்டையே எடுத்துருவமா?"

"எடுங்க."

"இன்னைக்கேவா?"

"நீங்கதானே கேட்டீங்க."

சாவி என்பது அவரவர் கணினியில் இருக்கும் ஒரு ரகசியக் கோப்பு. சர்வரில் ஒரு பட்டியல் உண்டு. யாருடைய சாவியின் அடையாளம் அதில் இருக்கிறதோ அவருக்கு மட்டும் திறக்கும். எல்லாருடையதையும் வாங்கித் தானே எழுதினால் அதிகாரம் பண்ணுவதுபோல் ஆகிவிடும் என்று நினைத்தார் சாலமோன். பட்டியலை எல்லாரும் எழுதும்படி திறந்து வைத்தார். "அவங்கவங்க அடையாளத்தை அவங்கவங்களே சேத்துக்கோங்க" என்று குழுவில் செய்தி போட்டார்.

மதியத்துக்குள் பதினொன்றும் சேர்ந்தன. மூன்று மணிக்கு பாஸ்வேர்டை எடுத்தார்.

மூன்று ஐந்துக்கு முதல் போன். "அண்ணாச்சி, உள்ள விடமாட்டேங்கு."

அடுத்த போன். அதற்கடுத்தது.

அவரே முயன்று பார்த்தார். அவரையும் விடவில்லை.

மறுநாள் காலை நாற்பது பிள்ளைகளுக்குக் கணக்குப் பரீட்சை. மென்பொருள் கழித்தல் குறியை வாசிக்காமல் தாண்டிப் போகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. திருத்தம் தயார். ஐந்து மணிக்குப் பள்ளிக்கூடத்துக் கணினிகள் சர்வரிலிருந்து எடுத்துக்கொள்ளும். அதற்குள் திருத்தம் சர்வருக்குப் போயாக வேண்டும்.

சர்வர் இருப்பதோ சென்னையில்.

சாலமோன் இசக்கியின் மேசைக்கு வந்தார்.

"எல்லாரையும் வெளியே வச்சுப் பூட்டிட்டேன் டீச்சர். என்னையும் சேத்து."

இசக்கி தன் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். கறுப்புத் திரை. சர்வரின் பெயர். பக்கத்தில் மினுங்கும் ஒரு கோடு.

"இது எப்படி உள்ள இருக்கு?"

"காலையில நீங்க கேட்டதும் உள்ள போனேன். இன்னும் வெளிய வரல. ஏற்கெனவே உள்ள இருக்கவங்கள அது துரத்தாது."

"அப்போ திறங்க!"

அவள் எழுந்து நாற்காலியைக் கொடுத்தாள். "நீங்க திறங்க."

சாலமோன் உட்கார்ந்து, சர்வர் எழுதிவைத்திருந்த குறிப்பைப் படித்தார். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று கிடக்கும் பட்டியலை நம்ப முடியாது என்றிருந்தது.

"நல்லதுன்னு நினைச்சுத்தானே திறந்து வச்சேன்."

"அது சர்வருக்குத் தெரியாதே அண்ணாச்சி."

ஒரே ஒரு வரி தட்டினார். பட்டியலில் இனி மற்றவர்கள் எழுத முடியாது. சர்வர் அதை நம்பி எல்லாரையும் உள்ளே விட்டது. போன்கள் ஓய்ந்தன. நாலேகாலுக்குக் கழித்தல் குறி சர்வருக்குப் போய்ச் சேர்ந்தது.

கனடாவில் கதவைப் பிடித்து நின்றவருக்கும் காபி ஊற்றியவருக்கும் நாளுக்கு நாற்பது தடவை நன்றி சொன்ன வாய் அது. இப்போது அந்தச் சொல் வரவில்லை. கைகள்தான் தாமாகக் குவிந்தன.

"ஐயோ, கையை இறக்குங்க. பாக்கவங்க நான் உங்கள மிரட்டுதேன்னு நினைக்கப் போறாங்க."

"நான் தப்பு பண்ணுவேன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"தெரியாது."

"பிறகு ஏன் காலையில இருந்து உள்ளயே இருந்தீங்க?"

"மூணு வருஷத்துக்கு முந்தி நான் பூட்டினப்ப உள்ள யாருமில்ல அண்ணாச்சி. திறக்கதுக்கு மெட்ராஸ் வரைக்கும், அன்ரிசர்வ்டு பெட்டியில, கக்கூஸ் பக்கத்துல நின்னுக்கிட்டே போனேன். அதுக்கப்புறம் பூட்டத் தைரியமே வரல."

திரையை ஒருதரம் பார்த்துக்கொண்டாள்.

"நீங்க பூட்டிட்டீங்க."