பன்னிரண்டு கிணறும் ஒரு புகார்ப் பெட்டியும்

கள்ளிமேட்டு வலசில் பன்னிரண்டு கிணறு உண்டு. பதினொன்றில் தண்ணீர் தண்ணீராக இருந்தது. நாச்சிமுத்துவின் கிணற்றில் மட்டும் கத்திரிப்பூ நிறத்தில் இருந்தது. மேற்கே இருந்த சாயப்பட்டறை தன் கழிவை வாய்க்காலில் விட்டது. வாய்க்கால் நேராக வந்து அவர் கிணற்றோரம் தேங்கிவிட்டது. அவர் கட்டும் வேட்டியும் அவர் வீட்டு இட்லியும் அதே நிறம். சினைமாடு தொட்டியை முகர்ந்துவிட்டு அவரை ஒரு பார்வை பார்க்கும். அந்தப் பார்வை அவருக்கு மறக்கவில்லை. அவர் எதையும் மறக்கிற ஆளும் இல்லை. பட்டறை மேனேஜர் தெய்வசிகாமணியின் கல்யாணப் பந்தியில் தன் இலைக்கு அப்பளம் வராததைப் பதினெட்டு வருஷமாக நெஞ்சில் வைத்திருந்தவர்.

மாடு கன்று போடுவதற்குள் தண்ணீர் தெளிய வேண்டும். இல்லையென்றால் மாட்டை மச்சினன் ஊருக்கு ஓட்டிப் போக வேண்டியதுதான். மச்சினனோடு அவருக்குப் பேச்சு நின்று ஒன்பது வருஷம்.

அந்தச் சமயத்தில், பட்டறையில் துணி வாங்கும் சீமைக் கம்பெனியிலிருந்து ஒரு காகிதம் வந்தது. மனித உரிமையையும் சுற்றுச்சூழலையும் இனிமேல் காப்பாற்ற வேண்டுமாம். அதற்குப் புகார்ப் பெட்டி வைக்க வேண்டுமாம். பெட்டி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று நாற்பது நாள் கழித்து ஓர் அம்மா வந்து மதிப்பிடுவாராம்.

மேனேஜர், சாயம் கலக்கும் டையிங் மாஸ்டர் அப்புக்குட்டி, வாட்ச்மேன் கிட்டுசாமி மூவரும் கமிட்டி ஆனார்கள். முதல் விதியை மேனேஜர் படித்தார்: பெட்டி எல்லோர் கைக்கும் எட்ட வேண்டும்.

"எல்லோருன்னா, தவழற கொழந்தையும் சேர்த்திதானுங்களே?" என்றார் கிட்டுசாமி.

"தவழற கொழந்தைக்கு என்னய்யா புகார்?"

"அதை நாம கேக்கக் கூடாதுங்க. அதுதான் உரிமை."

பெட்டியைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அடித்தார்கள். குழந்தைக்குத் திறக்க வராதே என்று மூடியையும் கழற்றிவிட்டார்கள். நாச்சிமுத்து முழுசாக இரண்டு பக்கம் எழுதிப் போட்டார். சாயங்காலம் ஒரு வெள்ளாடு வந்து அதைத் தின்றுவிட்டது.

மூவரும் குனிந்து பார்த்தார்கள்.

"காலைல புகார் இருந்துச்சு. இப்ப இல்லீங்க," என்றார் அப்புக்குட்டி.

"அப்ப தீர்த்தாச்சு," என்று மேனேஜர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

நாச்சிமுத்து விடுவாரா? மறுபடி எழுதி, நேராக மேனேஜர் கையிலேயே திணித்தார். இரண்டாவது விதி குறுக்கே வந்தது: புகார் கொடுத்தவர் யாரென்று யாருக்கும் தெரியக் கூடாது. மூவரும் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டார்கள்.

"ஏப்பா, நான் நின்னுட்டிருக்கறது தெரியலையா?"

"நீங்க யாருன்னே எங்களுக்குத் தெரியாதுங்க, நாச்சிமுத்தண்ணா!"

மூன்றாவது விதி: புகாரை நேரில் போய் விசாரிக்க வேண்டும்.

"அவரு கிணத்துக்குப் போனா, புகார் குடுத்தது அவருதான்னு ஊருக்கே தெரிஞ்சு போயிருமே!" என்று கிட்டுசாமி பதறினார்.

நியாயம்தான். ஆகவே அவர் கிணற்றை மட்டும் விட்டுவிட்டு மற்ற பதினொரு கிணற்றையும் விசாரித்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சொம்பு மொண்டு குடித்தார்கள். அருமையான தண்ணீர். நாச்சிமுத்துவின் வேலியோரம் வந்ததும் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்கள்.

"அட கூறுகெட்டவனுகளா, இங்க வந்து பாருங்கடா!" என்று அவர் கத்தினார்.

"யாரோ கூப்பிடறாங்க. யாருன்னு பாத்துறாதீங்க," என்றார் அப்புக்குட்டி. மூவரும் வேகமாகக் கடந்துபோனார்கள்.

அம்மா வர இன்னும் பத்து நாள்தான். கமிட்டிக்குச் சோறு இறங்கவில்லை.

"அந்தம்மா ஊரச் சுத்திப் பாப்பாங்க. ஒரு கிணறு மட்டும் கத்திரிப்பூ நிறத்துல கெடந்தா, ரகசியம் போச்சே!" என்றார் மேனேஜர்.

கிட்டுசாமி மெதுவாகக் கேட்டார்: "பன்னெண்டு கிணறும் ஒரே நிறமா இருந்துட்டா?"

மேனேஜருக்குக் கண் கலங்கிவிட்டது. "நீ வாட்ச்மேனா இருக்க வேண்டிய ஆளே இல்லய்யா."

அன்றிலிருந்து கழிவு ஒரு சொட்டுக்கூட வாய்க்காலில் விழவில்லை. அத்தனையையும் டேங்கர் லாரியில் ஏற்றி, பதினொரு கிணற்றுக்கும் பாரபட்சமில்லாமல் ஊற்றினார்கள். தடுக்க வந்தவர்களிடம், "கொஞ்சம் பொறுத்துக்கங்க. யாரோ ஒருத்தரோட உரிமையக் காப்பாத்தறோம்," என்று கும்பிட்டார்கள்.

பத்தாம் நாள் அம்மா வந்தார். பதினொரு வீட்டுப் புகாரும் பெட்டி நிறைந்து தரையில் வழிந்து கிடந்தது. 'மக்களுக்குப் பெட்டியின்மேல் நல்ல நம்பிக்கை இருக்கிறது' என்று எழுதிக்கொண்டு, "கிணறுகளையும் பார்த்துவிடலாமா?" என்றார். அவர் கையில் ஓர் இளநீரைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கமிட்டி முன்னால் ஓடியது.

அங்கே நாச்சிமுத்து வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டு நின்றார். வாய்க்கால் காய்ந்து, இரண்டு நல்ல மழையும் பெய்ததில் அவர் கிணறு தெளிந்து, அடியில் கிடந்த கூழாங்கல்கூடத் தெரிந்தது. மாடு இரண்டு தொட்டி குடித்துவிட்டு மூன்றாவதில் வாய் வைத்திருந்தது. இனி மச்சினன் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை.

மேனேஜர் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "போச்சு! ஊர்லயே உங்க கிணறு மட்டும் தெளிஞ்சு கெடக்குதே! புகார் குடுத்தது நீங்கதான்னு எழுதி ஒட்டுன மாதிரி இருக்குதே!"

"இருக்கட்டுமே! எனக்கென்ன பயம்?"

"பயப்படாதீங்கண்ணா. உங்களக் காட்டிக் குடுக்க மாட்டோம்."

அப்புக்குட்டி ஓடிப்போய் லாரியிலிருந்து ஒரு வாளிச் சாயம் கொண்டுவந்தார். யார் கிணறென்று தெரிந்துவிடக் கூடாதே என்று மூவரும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, சேர்ந்து தூக்கி வீசினார்கள்.

கண்ணைத் திறந்தபோது கிணறு அப்படியே தெளிவாக இருந்தது. மாடுதான் கொம்பிலிருந்து வால் வரைக்கும் கத்திரிப்பூ நிறத்தில் நின்றது.

மூவரும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். கடைசியில் மேனேஜர் பெருமூச்சுவிட்டு, நோட்டைத் திறந்துகொண்டு கேட்டார்:

"ஏய்யா கிட்டுசாமி, ஊர்ல மொத்தம் எத்தனை மாடு இருக்குது?"