பன்னிரண்டாவது அம்பு

சென்னியப்பன் மூன்று மாதமாக ஒரு கேமரா வாங்கிக்கொண்டிருந்தார். இன்னும் வாங்கி முடிக்கவில்லை.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அவர் செக்கிங் மாஸ்டர். வயது ஐம்பத்தாறு. துணியை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, ஓட்டை எங்கே, எண்ணெய்க் கறை எங்கே, தையல் விட்டது எங்கே என்று தேடி, அந்த இடத்தில் அம்பு போட்ட சின்னச் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டுவது முப்பத்தோரு வருடமாக அவருடைய வேலை. நல்ல கண்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கண்ணோடு கேமரா வாங்கப் போனால் எந்தக் கடைக்காரன் தாங்குவான்?

ஷமீமாவுக்கு முப்பத்துமூன்று வயது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் ஸ்டுடியோவில் ஏழெட்டுப் பேருக்குப் படம் எடுக்கக் கற்றுக்கொடுப்பார். அந்த ஏழெட்டுப் பேரில் அவரைவிட மூத்தவர் சென்னியப்பன் ஒருவர்தான். இருந்தாலும் எழுந்து நின்று "டீச்சர்" என்றுதான் பேசுவார்.

அந்த ஞாயிறு எல்லோரும் கலைந்த பிறகும் அவர் போகவில்லை. கையில் ஒரு நோட்டு வைத்திருந்தார்.

"டீச்சர், மொதல் மொதலா வாங்கறவனுக்கு எந்தக் கேமராங்க நல்லது?"

"நோட்டுல என்ன எழுதியிருக்கீங்ணா?"

"பதினாலு கேமரா பாத்துட்டனுங்க. ஒண்ணு கை ஆடுனா கலங்குது. ஒண்ணு வெளிச்சம் கொறஞ்சா புள்ளி புள்ளியா வருது. ஒண்ணுல ஆளோட நெறமே செவந்து போகுது. தப்பே பண்ணாத கேமரா ஒண்ணு சொல்லுங்க. வியாழக்கெழமைக்குள்ள வேணுமுங்க."

"வியாழக்கெழம என்னங்ணா?"

சென்னியப்பன் நோட்டை மூடினார். பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எஞ்சம்சாரத்துக்குத் தாடையில கட்டிங்க. இடது பக்கம். மூணு மாசமா மருந்துலயே பாத்தாங்க, கேக்கல. வியாழக்கெழம கோயமுத்தூர்ல ஆப்பரேசன். தாடையெலும்புல பாதிய எடுக்கோணுமாம். மூஞ்சி மாறிப்போகும்னு டாக்டர் சொல்லிட்டாருங்க."

"உசுருக்கு?"

"கேட்டனுங்க. பாக்கலாம்னாரு."

அந்தப் 'பாக்கலாம்' காதில் விழுந்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. வியாழனுக்கு அப்புறம் வெள்ளி என்று ஒரு கிழமை வரும் என்பதையே அவர் மனசு ஒத்துக்கொள்ள மறுத்தது.

"போன்ல எடுக்கலயாங்ணா?"

"எடுத்தனுங்க. பெருசு பண்ணிப் பாத்தா மூஞ்சி ஒடஞ்சு போகுது."

"எவ்வளவு பெருசு?"

"சொவத்துல மாட்டற அளவுக்குங்க."

சொல்லிவிட்டு அவர் தலை குனிந்தார்.

"எங்கம்மாளுக்குப் படமே இல்லீங்க டீச்சர். யாரு கல்யாணத்துலயோ எடுத்த குரூப் போட்டோவுல இருந்து வெட்டித்தான் மாட்டியிருக்கறோம். அம்மா தோள்ல எவளோ ஒருத்தி கை இன்னைக்கும் இருக்குது. மாலையப் போட்டுத்தான் மறைக்கோணும். இவளுக்கும் அப்படி ஆயிரக்கூடாதுங்க."

ஷமீமா பீரோவைத் திறந்து ஒரு கேமராவை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

"இதச் செக் பண்ணுங்ணா."

சட்டைப் பையில் ஸ்டிக்கர் இல்லாமல் சென்னியப்பன் எங்கேயும் போவதில்லை. ஒரு பட்டையில் பன்னிரண்டு அம்பு. ஜன்னலோரம் போய் உட்கார்ந்து கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியில் கீறல். திரையின் மூலை உடைசல். பிடியின் ரப்பர் உரிந்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஓர் அம்பு. மூன்று மாதத்தில் அந்த அரைமணி நேரம்தான் அவர் பயமில்லாமல் இருந்தார். குறை தேடுகிறபோது அவருக்கு வேறெதுவும் நினைவிருக்காது.

"பீஸ் ரிஜெக்ட்டுங்க டீச்சர். பதினொண்ணு இருக்குது."

"இதுலதான் நான் ஏழு வருசம் சம்பாரிச்சேன். எடுத்துட்டுப் போங்க. அக்காவ ஒரே ஒரு படம் எடுங்க. புதங்கெழம சாயங்காலம் கொண்டாங்க."

"ஒரே படம்னா, தப்பாப் போனா மறுபடி எடுக்க முடியாதுங்களே. இதப் போயி நம்பி..."

ஷமீமா பின்னால் தொங்கிய நீலத் திரையைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார்.

திங்கட்கிழமை அவர் மனைவி மயிலாத்தாள் அடுப்படியில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சென்னியப்பன் கேமராவைக் கண்ணில் வைத்தார். கண் நேராக இடது தாடைக்குப் போய் நின்றது. கட்டி நேற்றைக்கு இருந்ததைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

"அந்தப் பக்கமாத் திரும்பு மயிலா."

அவள் திரும்பினாள். தாடை மறைந்தது. மறைந்தும் பிரயோசனமில்லை, அது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியுமே. பொத்தானை அழுத்தவில்லை. வெளிச்சம் பத்தவில்லை என்று சொல்லிக் கேமராவை இறக்கினார். செவ்வாய்க்கிழமை முற்றத்தில் கண் கூசும் வெயில் அடித்தது. அன்றைக்கும் வெளிச்சம் பத்தவில்லை என்றார்.

புதன் காலை மயிலாத்தாள் ஆஸ்பத்திரிக்குப் பை கட்டினாள். துண்டு, டம்ளர், பிளாஸ்க். சென்னியப்பன் கேமராவோடு வாசற்படியில் நின்றார்.

"ஏனுங்க, மூணு நாளா அதையே தூக்கிட்டு நிக்கறீங்க. படம் எதுக்கு?"

"சும்மாதான். பழகறதுக்கு."

"உங்கம்மா பக்கத்துல மாட்டறதுக்கா?"

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூன்று மாதமாக நெஞ்சுக்குள் பூட்டி வைத்ததை அவள் பிளாஸ்க்கைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டாள். அவர் கட்டிலில் உட்கார்ந்து அழுதார்.

"பயமா இருக்குது மயிலா."

"எனக்கு மட்டும் இல்லீங்களா?"

அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். கேமராவைப் பார்த்தாள்.

"இதென்ன, மேலெல்லாம் அம்பு?"

"கொற இருக்கற எடம்."

"உங்களுக்கு வேற வேலை இல்ல."

அவர் சட்டைப் பையில் கைவிட்டு ஸ்டிக்கர் பட்டையை எடுத்தாள். ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதை உரித்து, பீரோக் கண்ணாடியில் பார்த்து, முனை சரியாகக் கட்டியைக் காட்டுகிற மாதிரி தன் தாடையில் ஒட்டிக்கொண்டாள். அவர் பக்கம் நேராகத் திரும்பினாள்.

"இந்தாங்க, செக்கிங் முடிஞ்சுது. இனி மூஞ்சியப் பாருங்க."

சென்னியப்பனுக்கு அழுகையிலேயே சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பார்த்து அவளும் சிரித்தாள். பொத்தானை அழுத்தினார்.

அன்று சாயங்காலம் ஷமீமா அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்தார். மயிலாத்தாள் கண்ணில் ஈரத்தோடு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். தாடையில் சிவப்பு அம்பு. படத்தில் பாதி கலங்கியிருந்தது. கீழ் மூலையில் சென்னியப்பனின் விரல் விழுந்திருந்தது. செக்கிங் மாஸ்டர் இரண்டையும் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நோட்டையும் வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார்.

ஷமீமா வெகுநேரம் பார்த்தார்.

"சொவத்துக்குப் பெருசாப் போடட்டுமாங்ணா?"

"வேண்டாமுங்க. பையில வெக்கற மாதிரி ஒண்ணு போதும்."

பிரிண்ட்டை வாங்கி, ஸ்டிக்கர் இருந்த பையில் வைத்துக்கொண்டார். கழுத்திலிருந்த கேமராவைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"காலையில வெள்ளனவே கெளம்பறோமுங்க. கேமரா இந்தாங்க டீச்சர்."

ஷமீமா அதைத் தொடவில்லை.

"மொதக் கேமரா வேணும்னுதான கேட்டீங்க? வெச்சுக்கங்க."

"எதுக்குங்க? எடுக்க வேண்டியத எடுத்தாச்சே."

"அக்காவுக்குத் தையல் பிரிக்கற அன்னிக்கு எதுல எடுப்பீங்ணா?"

சென்னியப்பன் கேமராவின் வாரை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.