மொட்டை மாடிக்கு வந்த வரி

தையல்காரி பவுனம்மாள் துணி உலர்த்த மொட்டை மாடிக்கு ஒரு படிக்கட்டு கட்டினாள். உடனே, அந்தத் தெருவில் படி வைத்த மற்ற வீடுகளைப் போலவே, அவளுக்கும் சொத்து வரி இரண்டு மடங்கானது. ஏன் என்று கேட்டதற்கு, வரி ஆய்வாளர் குலசேகரன் நேரில் வந்து தெருவே கேட்கும்படி விளக்கினார்.

“படி இருந்தா மேல வீடு இருக்குன்னு அர்த்தம். ஒரு ஹால்னு எழுதியிருக்கேன். வரியைக் கட்டலைன்னா குடிநீர் இணைப்பைத் துண்டிச்சுடுவேன்.”

“படிச்சவங்க சொன்னா சரிதான் சார்,” என்றாள் பவுனம்மாள். “மேல் வீட்டையும் அளந்துடுங்க, கட்டிடறேன். வீட்டுக்குள்ள போறீங்க, செருப்பை மட்டும் கீழே விட்டுடுங்க.”

இத்தனை பேர் முன்னால் அது வீடு இல்லை என்று எப்படிச் சொல்வது? செருப்பைக் கழற்றிவிட்டு மிடுக்காக ஏறினார். சித்திரை மாத உச்சி வெயில். சிமெண்டுத் தளத்தில் கால் வைத்ததும் துள்ள ஆரம்பித்தார்.

“ஏம்மா, நிக்க ஒரு நிழல்கூட இல்லையா?”

“நீங்க எழுதின ஹாலுக்குள்ள போய் ஃபேனைப் போட்டுக்குங்க சார். அதுக்கும் சேர்த்துத்தானே வரி கேட்டீங்க?”

தெரு சிரித்தது. குலசேகரன் நொண்டிக்கொண்டே இறங்கி, பழைய வரியே போதும் என்று எழுதிக் கொடுத்தார். செருப்பை மாட்டக் குனிந்தவரை அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

“செருப்பு எதுக்கு சார்? அடுத்தது எங்க மாடிதான்.”