தளவாயின் ஜலதோஷமும் என் முழுக்கும்

அலைக்கோட்டை அரசவையில் மகா புத்திசாலி யார் என்று கேட்டால், வேலாண்டி என்பார்கள். அந்த வேலாண்டி நான்தான். அப்படிச் சொல்லச் சொல்லி எத்தனை பேரிடம் கெஞ்சினேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

சித்திரை பிறந்தால் காற்று வாங்க நாடே எங்கள் கடற்கரைக்கு வந்துவிடும். எண்ணூறு பேர் வாழும் ஊரில் எட்டாயிரம் பேர். அவர்களுடைய கழிவுநீரைத் தெளியவைக்க இரண்டு தொட்டிகள் இருந்தன. அந்த வருஷம் முன்னதாக வந்த கூட்டத்துக்கே, பங்குனியிலேயே இரண்டும் பொங்கி, கழிவுநீர் அரண்மனை வாசல்வரை வந்துவிட்டது.

தொட்டிக்கு அளவு சொன்ன மேதையும் நான்தான். ஐப்பசி அடைமழையில் போய் அளந்தேன். ஊரில் அப்போது நண்டுகளும் நானும்தான் இருந்தோம்.

ராஜா திருமேனிராயர் மூக்கைப் பொத்திக்கொண்டு பேசினார். "விருந்தாளிகளை மலைக்கு அனுப்பிவிட்டேன். அடுத்த வருஷச் சித்திரைக்குள் இது சரியாக வேண்டும். வழி சொல்லுங்கள்."

"தெற்கே சுறாக்குப்பத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டி விட்டுவிடலாம், பிரபு. அங்கே யாரும் இல்லை" என்றார் தளவாய் கருணாகரர்.

அந்தக் குப்பத்து வெள்ளையம்மாள் மீன்கூடையோடு வாசலில்தான் நின்றிருந்தாள். வெளியே வந்த என்னை மடக்கினாள்.

"சாமி, அந்த மணல்லதான் கருவாடு காயப்போடுறோம். எம் புள்ளைங்க குளிக்கிறதும் அங்கதான். ஒரு வார்த்தை சொல்லுங்க."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என் ஐப்பசிக் கணக்குக்கு அவள் பிள்ளைகளா அனுபவிப்பது?

மறுநாள் சபை கூடியது. சாம்பிராணி போட்டாலே போதும் என்றார் வைத்தியர். ராஜா வாய்க்கால் பக்கம் சாய்ந்தார். நான் எழுந்தேன்.

"தளவாய் திட்டம் அருமை, பிரபு. ஒரு சம்பிரதாயம்தான் பாக்கி. குளம் வெட்டியவர் முதல் முழுக்குப் போடுவது நம் வழக்கம். வாய்க்கால் முடிகிற இடத்தில் சித்திரைப் பௌர்ணமியன்று தளவாய் முழுகட்டும். மேளத்துக்கு நான் சொல்லிவிடுகிறேன்."

தளவாய் தும்மினார். "எனக்கு ஜலதோஷம், பிரபு."

"அதற்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறதே?" என்றேன்.

"இது நாள்பட்ட ஜலதோஷம்."

வாய்க்கால் ஒழிந்தது. நான் அத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டும். வாய் சும்மா இருந்தால்தானே?

"சித்திரைக் கூட்டத்துக்கு அளவெடுத்து ஆறு தொட்டி கட்டுவோம். மணல், கூழாங்கல், நாணல் வழியாக வடியட்டும். கடைசியில் வரும் தண்ணீர் தென்னந்தோப்புக்கு!"

"பலே!" என்றார் ராஜா. "அது சரி, போன தடவை அந்த இரண்டு தொட்டியைக் கட்டி முடித்தபோது உன்னை முழுக்குப் போடச் சொன்னதும், 'அந்த வழக்கம் குளத்துக்குத்தான், கழிவுநீருக்கு இல்லை' என்று அரை நாள் வாதாடியது யார்?"

"நான்தான், பிரபு."

"கழிவுநீருக்கும் உண்டு என்று இன்று சொன்னது?"

நான் தும்மிப் பார்த்தேன். வரவில்லை.

ஆறு தொட்டி என்று சொன்னவன், பயத்தில் ஒன்பது கட்டினேன். நாணலைத் தினமும் நானே போய்ப் பார்த்தேன். சித்திரைப் பௌர்ணமியன்று, எட்டாயிரம் விருந்தாளிகளும் ஊரில் இருக்க, மேளம் முழங்க, ஒன்பதாவது தொட்டியில் கண்ணை மூடிக்கொண்டு முழுகினேன். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. கரையில் வெள்ளையம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ராஜாவும் விழுந்து விழுந்து சிரித்தார். தலை துவட்ட ஒரு பட்டுத்துண்டு பரிசளித்தார்.

"பத்திரமாக வைத்துக்கொள், வேலாண்டி. வருஷா வருஷம் வேண்டியிருக்கும்."