முகத்தைப் பொத்தியவன்

முன்னொரு காலத்தில் மருதங்காடு என்ற நாட்டைச் செம்பியவர்மன் என்ற ராஜா ஆண்டுவந்தான். கோபமும் சந்தோஷமும் அவனுக்கு நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். அவனுடைய அவைப்புலவர் வடுகநாதருக்கோ மந்திரி குழைக்காதரைக் கண்டாலே வயிறு எரியும்.

ஒருநாள் பக்கத்து நாட்டிலிருந்து ஓர் ஓவியம் வந்தது. ஆற்றங்கரையில் பூத்துக் குலுங்கும் மரம். அதனடியில் ஒருவன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"இவன் ஏன் இப்படி இருக்கிறான்? சரியாகச் சொல்பவருக்கு என் மோதிரம்!" என்றான் ராஜா.

வடுகநாதர் முந்திக்கொண்டார். "பிரபு! தங்கள் ஆட்சியில் நாடு இத்தனை அழகா என்று கண் கூசிப்போய் மூடிக்கொண்டான்!"

சபை ஆர்ப்பரித்தது. ராஜா மந்திரியைப் பார்த்தான்.

"பார்த்தால் தெரியவில்லை, மகாராஜா. புலவர் அதே மாதிரி உட்கார்ந்து காட்டினால் சொல்லிவிடுவேன்."

மோதிர ஆசையில் வடுகநாதர் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

மந்திரி மெதுவாகக் கேட்டார்: "புலவரே, ராணியம்மாவுக்கு விஷம் கொடுத்தாள் என்று நீர் கோள் சொல்லித்தானே வைத்தியச்சி மாதங்கியை ஊரைவிட்டுத் துரத்தினார்கள்? அவள் ராணியம்மாவுக்குக் கொடுத்ததில் மிஞ்சிய கஷாயத்தை நான் குடித்தேன். வாய் கசந்தது, அவ்வளவுதான். அன்றே சொன்னேன், கேட்பாரில்லை. உம் பாட்டைக் கேட்டு அவள் சிரித்துவிட்டாள், அதற்காகவா இத்தனையும்?"

வடுகநாதருக்குக் காது சுட்டது. கையை எடுத்தால் எல்லார் கண்ணும் தன்மேல்தான். எடுக்க முடியவில்லை. விரலிடுக்கில் கண்ணீர் வழிந்தது.

"போதும், கையை எடும்" என்றார் மந்திரி. புலவர் எடுக்கவில்லை.

"மகாராஜா, படத்தில் இருப்பவனுக்கும் இதே வெட்கம்தான். மரம் பூத்திருக்கிறது, ஆறு ஓடுகிறது. அவனால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை."

ராஜா தலை குனிந்தான். விசாரிக்காமல் துரத்தியவன் அவனல்லவா? மோதிரத்தைக் கழற்றி நீட்டினான்.

"இது வேண்டாம். வைத்தியச்சி திரும்பி வரட்டும்."

"வருவாள். போய் அழைக்கப்போகிறவர் வடுகநாதர்."

அதற்குச் சிறையே மேல் என்றிருந்தது அவருக்கு. எல்லையோர ஊரில் மாதங்கியின் வாசலில் போய் நின்றார். உள்ளே ஒரு நோயாளிகூட இல்லை.

"அம்மா, நான் சொன்னது பொய்" என்று முணுமுணுத்தார்.

"அது எனக்குத் தெரியுமே ஐயா. விஷக்காரி என்று பயந்து என் மருந்தைத் தொடாமல், இந்தத் தெருப் பிள்ளைகள் காய்ச்சலில் கிடக்கிறார்கள். அங்கே போய்ச் சொல்லுங்கள்."

வடுகநாதர் தெருவில் இறங்கினார். ஒவ்வொரு கதவாகத் தட்டி, "பொய் சொன்னவன் நான்தான்" என்று உரக்கச் சொன்னார். பொழுது சாயும்போது ஒரு தாய் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு மாதங்கி வீட்டுக்குள் நுழைந்தாள். வடுகநாதரின் குரல் கம்மிப்போயிருந்தது. அடுத்த கதவைத் தட்டினார்.